யார் சுட்ட பத்து

இதையெல்லாம் மாட்டலாமா என்று நீங்கள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம் சார். வேண்டாம். ஆனால் நாமக்கல் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, நீங்களோ அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தென்னந்தோப்பில் பொழுதுபோக்குக்குக் கொட்டாங்குச்சியைச் சுடுகிற ஏர்கன். அதற்கு ஒரு தொலைநோக்கி, அதை மாட்ட இரண்டு கிளிப்பு, ஊன்றி வைக்க இரண்டு கால், பக்கத்தில் ஒரு டார்ச்சு, சிவப்புப் புள்ளி விழுகிற லேசர். கடைக்காரர் எல்லாமே அவசியம் என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இல்லை, பொய் சொல்லக்கூடாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே தேடிப்போய்க் கேட்டு வாங்கினேன்.

ஆமாம், இந்த நீளப் பெட்டிக்குள் இருப்பது துப்பாக்கிதான். கண்டக்டர் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்த கதைதான். ஆனால் இதில் முக்கியமான இடம் எனக்கே பிறர் சொல்லித்தான் தெரியும். நான் அங்கேதான் நின்றேன். துப்பாக்கி என் கையில்தான் இருந்தது. சுட்டதும் நான்தான். இருந்தாலும் நான் எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. அப்பா ஒரு விதமாகச் சொன்னார், எங்கள் கிளப் செயலாளர் சடையப்பன் சார் ஒரு விதமாகச் சொன்னார், ஜெசிந்தா ஒரு விதமாகச் சொன்னாள். மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கேயாவது முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் அது அப்பாவுடைய பங்காக இருக்கும்.

என் பெயர் லோகநாதன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். பி.காம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் போன முதல் ஆள். முதல் ஆளாக இருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது சார். எது போதும் என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. பி.காம் முடித்ததும் டைப்ரைட்டிங் இல்லாவிட்டால் வேலை கிடைக்காது என்றார்கள், அதை முடித்தேன். டேலி என்றார்கள், முடித்தேன். இந்தி இரண்டு பரீட்சை. ஆளுமை வளர்ச்சி என்று ஒரு மூன்று நாள் வகுப்பு. அதில் கையை எப்படிக் குலுக்குவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பட்டறை முதலாளி இதுவரை என் கையைக் குலுக்கியதில்லை. எனக்கு எது குறைகிறது என்று தெரியாததால் எல்லாமே குறைகிறது என்று வைத்துக்கொண்டேன். துப்பாக்கி விஷயத்திலும் அதுதான் நடந்தது.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது என் கை நடுங்காது என்று கண்டுபிடித்தார்கள். பரீட்சை முடிவு பார்க்கும்போது நடுங்குகிற கை, துப்பாக்கியைப் பிடித்தால் நிற்கும். அதை நம்பித்தான் சேலத்தில் ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும். முதல் ஆறு மாதம் கிளப் துப்பாக்கி. கட்டை, குழல், விசை, முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு துளை, அவ்வளவுதான். அதில் நான் மோசமில்லை. அந்த நேரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

விளையாட்டு எப்படி என்றால், நின்றுகொண்டே சுட வேண்டும். பத்து மீட்டர் தள்ளி ஒரு சின்ன அட்டை. அட்டையில் கறுப்பு வட்டம், அதன் நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி, அதுதான் பத்து. அதைச் சுற்றி வட்டத்துக்கு மேல் வட்டம், ஒரு வட்டம் தள்ளினால் ஒரு பாயிண்டு குறையும். ஒரு அட்டைக்கு ஒரு குண்டு. சக்கரத்தைச் சுற்றினால் கம்பியில் ஓடி அட்டை நம்மிடம் வரும், புது அட்டையை மாட்டி மறுபடி ஓட்ட வேண்டும். இப்படி நாற்பது அட்டை. நானூறுக்கு முன்னூற்று அறுபது எடுத்தால் கிளப் நம்மை மாநிலப் போட்டிக்கு அனுப்பும்.

எனக்கு அந்த முன்னூற்று அறுபது வேண்டும். அது கிடைத்தால் பெரிய வேலை கிடைத்துவிடும் என்றெல்லாம் இல்லை. நான் இதுவரை எதற்கும் தேர்வானதில்லை சார். வங்கித் தேர்வு, குரூப் ஃபோர், கூட்டுறவு, எல்லாவற்றிலும் வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தவன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'தேர்வு பெற்றோர்' என்று எழுதிய பலகையில் என் பெயரைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கும் காட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அப்பா பெயர் அர்த்தனாரி. லாரி ஓட்டுகிறார், சொந்த வண்டி. நீங்கள் அந்த வண்டியை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள், ஒரு தரம் பார்த்தால் மறக்காது. முன்னால் இரண்டு பக்கமும் குஞ்சம், மேலே நீல விளக்கு வரிசை, ஆறு ஹாரன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ராகம். கண்ணாடியில் மேலே பாதிக்குச் சாமி படங்கள், பக்கத்தில் மணிச்சரம், கீழே பிளாஸ்டிக் ரோஜா. சாலையைப் பார்க்க ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இடம் விட்டிருப்பார். நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

"ஏம்ப்பா, இவ்வளவு மாட்டுனா ரோடு எப்படித் தெரியும்?"

"ரோடு எங்க கண்ணு போவப் போவுது? நேராத்தான கெடக்குது."

படிப்பறிவு இல்லாவிட்டால் இப்படித்தான், தேவை எது அலங்காரம் எது என்று பிரிக்கத் தெரியாது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சரி, என் துப்பாக்கிக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். வாங்கிய வாரமே குழலின் முனையில் ஒரு எடை மாட்டினேன். எடை இருந்தால் ஆடாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பிறகு அந்த எடைக்குச் சமமாகப் பின்னால் ஒரு எடை. தோளில் பிடிக்க ஒரு கொக்கி. கன்னம் வைக்க உயர்த்தி இறக்குகிற கட்டை. குழலுக்கு மேலே ரசமட்டம், ஆமாம், கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே அதேதான், சின்னதாக. பின் துளையில் நிறம் மாற்றுகிற கண்ணாடி, மஞ்சள் ஒரு நாள், பச்சை ஒரு நாள். துப்பாக்கி முடிந்ததும் எனக்கு மாட்ட ஆரம்பித்தேன். விறைப்பான கோட்டு, அதைப் போட்டுக்கொண்டால் கீழே விழுந்த பேனாவை எடுக்க முடியாது. தொப்பி. கண்ணுக்கு இரண்டு பக்கமும் பிளைண்டர், வண்டிக் குதிரைக்குக் கட்டுகிற மாதிரி. காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் அடைப்பான்.

கிளப்பில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. டீ வந்தால் போதும், சண்டை ஆரம்பித்துவிடும். ஒரு கட்சி, வெறும் துப்பாக்கியில் சுடத் தெரியாதவனுக்கு எதை மாட்டினாலும் பிரயோஜனமில்லை என்பது. இன்னொரு கட்சி, நல்ல சாமான் இருக்கும்போது ஏன் சிரமப்பட வேண்டும் என்பது. நான் இரண்டாவது கட்சிக்குத் தலைவர் மாதிரி. அந்தப் பக்கம் ஜெசிந்தா. அப்போது பி.எஸ்சி இரண்டாம் வருஷம், ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள், கிளப்பின் பழைய துப்பாக்கியிலேயே சுடுவாள். வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணா, ஒரு சந்தேகம். இதுல துப்பாக்கி எங்கண்ணா இருக்கு?"

"நீ சிரி. சயின்ஸ் படிக்கிற பொண்ணு, புவியீர்ப்பு மையம்னு கேள்விப்பட்டிருப்பே."

"கேள்விப்பட்டிருக்கேன். உங்களுதுல அது சேலத்துல ஒண்ணு, நாமக்கல்லுல ஒண்ணு இருக்குதுண்ணா."

நான் ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை பாயிண்டு கூடியது என்று நீங்கள் கேட்கவில்லை, நல்லது. சரி, சொல்லிவிடுகிறேன், கூடவில்லை. கொஞ்சம் குறைந்தது. அதற்குக் காரணம் இன்னும் ஏதோ ஒன்று வாங்கவில்லை என்று நினைத்தேன்.

போன வருஷத் தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. முதல் இரண்டிலும் போனது. மூன்றாவதற்கு அப்பா ஒரு லோடை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டு என்னோடு வந்தார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. நான் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் ஒன்றொன்றாக மாட்ட மாட்ட, அவர் முகம் விரிந்துகொண்டே போனது. அத்தனை வருஷத்தில் நான் செய்கிற எதையும் அவர் அவ்வளவு புரிந்துகொண்டு பார்த்ததில்லை.

"அடேங்கப்பா. செம ஜோடிப்பு கண்ணு. ஒரு குஞ்சம் வெச்சா எடுப்பா இருக்கும்."

போட்டிக்கு முன்னால் சாமான்களைச் சோதிப்பார்கள். அங்கேதான் எனக்கு ஆப்பு காத்திருந்தது. துப்பாக்கி ஐந்தரைக் கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. விதி எனக்குத் தெரியும். ஒவ்வொரு சாமானும் எவ்வளவு எடை என்றும் தெரியும். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை. கணக்கு எழுதுவது என் தொழில் சார், இதை நாமக்கல்லில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

நான் அந்த நேரத்தில் உள்ளே கோட்டின் தடிமனை அளக்கக் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வெளியே தராசு மேஜையில் நடந்தது ஜெசிந்தா சொன்னது. சடையப்பன் சார் துப்பாக்கியைத் தராசில் வைத்தார், எடையைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார்.

"ஐந்தே முக்காலைத் தாண்டுது. எடை அதிகம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அப்பா முன்னால் வந்துவிட்டாராம்.

"ஓவர்லோடுங்களா?"

"ஆமாங்க."

அப்பா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, சட்டைப் பைக்குள் கையை விட்டாராம். "எவ்வளவுங்க ஆவும்?"

"பெரியவரே, இது செக்போஸ்ட் இல்லீங்க."

"அப்புறம் தராசு எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

சடையப்பன் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் வந்துவிட்டது. நான் வெளியே வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல சூழ்நிலை, போட்டி நன்றாக நடக்கும் என்று நினைத்தேன்.

பிறகு கழற்ற ஆரம்பித்தேன். வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் பார்க்க, ஒரு சின்னத் திருப்புளியை வைத்துக்கொண்டு. அப்பா துண்டை விரித்துப் பிடித்தார். முன் எடை, பின் எடை, கொக்கி, ரசமட்டம். துண்டில் விழ விழ அப்பாவுக்கு மனசு தாளவில்லை.

"எல்லாத்தையும் கழட்டிப்போட்டா மொட்டையாப் போயிருமேடா. ஏதாச்சும் ஒண்ணையாவது உடு."

நானும் இரண்டை விட்டுவைத்தேன். கண்ணோரத்துப் பிளைண்டரும் காது அடைப்பானும் துப்பாக்கி எடையில் சேராது, அதனால் அவை இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் போன பிறகு அவற்றையாவது உறுதியாக வைத்துக்கொள்வோம் என்று பிளைண்டரைக் கொஞ்சம் உள்பக்கம் வளைத்து, தொப்பியையும் இறக்கிக்கொண்டேன். இப்போது எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கறுப்பு வட்டம்தான். உலகத்தில் வேறெதுவும் இல்லை.

எனக்கு ஆறாம் நம்பர் இடம். வலது பக்கம் ஏழில் ஜெசிந்தா. அப்பா பின்னால் பெஞ்சில்.

நன்றாகத்தான் போனது சார். அதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், மொட்டைத் துப்பாக்கி நன்றாகத்தான் சுட்டது. எடை குறைந்ததால் கையில் லேசாக இருந்தது. லேசாக இருந்தது எனக்குப் பழக்கமில்லை, அதனால் ஒவ்வொரு குண்டுக்கும் காலைக் கொஞ்சம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன். ஒரு தடவைக்கு ஒரு விரல்கடை நகர்ந்திருக்கும். எந்தப் பக்கம் நகர்கிறோம் என்று பார்க்க வேண்டுமானால் பிளைண்டரை விலக்க வேண்டும், நான் விலக்கவில்லை. அட்டைகளை மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன், இந்தத் தடவை ஒழுங்காகக் கூட்டினேன். கடைசி அட்டையை மாட்டி ஓட்டிவிட்டபோது எனக்குத் தேவை ஏழு. வெறும் ஏழு. அன்றைக்கு நான் ஏழுக்குக் கீழே போட்டது ஒன்றோ இரண்டோதான்.

ஜெசிந்தாவுக்குத் தேவை பத்து. அவள் தன் கடைசிக் குண்டைச் சுட்டுவிட்டாள். எங்கே விழுந்தது என்று அவ்வளவு தூரத்தில் தெரியாது. சக்கரத்தைச் சுற்ற அவள் கையை வைத்தபோது, இடது பக்கத்திலிருந்து ஒரு குழல் மெதுவாக அவள் அட்டை பக்கம் திரும்பி நின்றதாம்.

அது என் குழல்.

"அண்ணா! என் அட்டைண்ணா!" என்று கத்தியிருக்கிறாள். சடையப்பன் சார் மேஜையைத் தட்டியிருக்கிறார். நாலாம் நம்பரில் சுட்டு முடித்தவர் கைதட்டியிருக்கிறார். அப்பா இரண்டு விரலை வாயில் வைத்து, லாரிக்காரர்கள் டோல்கேட்டில் ஒருவரையொருவர் கூப்பிடுவார்களே, அந்த விசிலை அடித்திருக்கிறார். சுடப்போகிறவனைத் தொட்டு இழுக்கக்கூடாது, ஆபத்து, அதனால் யாரும் கிட்டே வரவில்லை.

எனக்கு என்ன கேட்டது தெரியுமா? ஒன்றும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியை நான் அனுபவித்ததில்லை சார். தியானம் என்பார்களே, இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூச்சை நிறுத்தினேன். கறுப்பு வட்டம் ஆடாமல் நின்றது. விசையை அழுத்தினேன்.

நல்ல சூடு. கைக்குத் தெரியும், நல்ல சூடு.

சக்கரத்தைச் சுற்றினேன். அட்டை வந்தது. அட்டையில் ஓட்டை இல்லை. திருப்பிப் பார்த்தேன், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துப்பாக்கிக்குள் குண்டே போடவில்லையோ என்று நினைத்தேன். பிறகு காது அடைப்பானைக் கழற்றினேன், அந்த ஹால் மொத்தமும் என் காதுக்குள் கொட்டியது.

ஜெசிந்தாவின் அட்டையில் இரண்டு ஓட்டை. ஒன்று பத்தில், ஒன்று ஆறில். பசி நேரம், மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சடையப்பன் சார் அட்டையை ஒரு தரம் பார்த்தார். எது யாருடையது என்று தெரியாவிட்டால் அட்டைக்குச் சொந்தக்காரருக்குப் பெரியதைக் கொடுக்க வேண்டும், சின்னதுதான் அவளுடையது என்று தெரிந்தால்தான் சின்னது. அதற்கு மேல் ஆராயவில்லை. அவளுக்குப் பத்து. மொத்தம் முன்னூற்று அறுபது. எனக்குப் பூஜ்யம், முன்னூற்று ஐம்பத்து மூன்று.

பலகையில் அவள் பெயரை எழுதினார்கள்.

அப்பா தோளில் கை வைத்தார். "வண்டின்னா ட்ராக் மாறத்தான் செய்யும் கண்ணு. நானே எத்தன தடவ மாறியிருக்கேன்."

"அப்பா, பேசாம வாங்க."

"இரு. அந்தப் பத்து யாருது?"

அதுவரை அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை சார். தோன்றியதும் எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. கைக்குத் தெரிந்ததே, நல்ல சூடு. அப்படியானால் அந்தப் பத்து என்னுடையது. நான் தோற்கவில்லை, என் பத்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். அப்பாவிடம் சொன்னேன். அப்பா வழியில் டீக்கடையில் சொன்னார். அடுத்த வாரத்துக்குள் லாரிப் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் பட்டறைப் பெயிண்டரைப் பிடித்து வண்டியின் பின்பலகையில் அட்டை மாதிரியே வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டு, நடுப்புள்ளியில் ஒரு ஓட்டையும் வரைய வைத்துவிட்டார். 'ஒலி எழுப்பவும்' என்பதற்குப் பக்கத்தில்.

கிளப்பிலும் அதே பேச்சுதான். ஜெசிந்தாவுக்கு 'ஓசிப் பத்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஓசிப் பத்து வந்தாச்சா?" "ஓசிப் பத்து, டீ சொல்லும்மா." நான் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை, அதை நிச்சயமாகச் சொல்வேன். மற்றவர்கள் கூப்பிடும்போது சிரித்திருக்கிறேன். கொஞ்சம் பெருந்தன்மையாக, "விடுங்கப்பா, பாவம்" என்று சொல்லியிருக்கிறேன். அவளும் அதை ஏற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தாள். மாநிலப் போட்டிக்குப் போய்விட்டு வந்தாள், பரவாயில்லாமல் சுட்டிருந்தாள். யாராவது பாராட்டினால், "லோகு அண்ணா புண்ணியம்" என்பாள். முதலில் வாய்த்துடுக்காகச் சொன்னாள். போகப் போகச் சாதாரணமாகவே சொன்னாள். தனக்குச் சுட வராது, ஏதோ அதிர்ஷ்டத்தில் போனோம் என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். இந்த வருஷத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஒவ்வொரு வருஷமும் நீங்க ட்ராக் மாறுவீங்களாண்ணா?" என்றாள். நானும் சிரித்தேன்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்கிறீர்களா? நன்றி. ராசிபுரம் தாண்டிவிட்டோம்.

இன்று காலையில்தான் சார். அவளுக்குப் படிப்பு முடிந்துவிட்டது, ஊருக்குப் போகிறாள். கிளப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வந்தாள். என்னிடம் வந்து ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். உள்ளே அந்த அட்டை. இத்தனை நாள் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

"அண்ணா, உங்க பத்து. பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பேனாவையும் அவளே கொடுத்தாள். எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த அட்டையை நான் கையில் வாங்கிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பார்க்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. பத்து என்னுடையது என்று தெரிந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

பேனாவை வைக்கப் போனேன். பத்தில் இருந்த ஓட்டை கிழிந்திருந்தது. ஓரமெல்லாம் பிய்ந்து, பூ மாதிரி பின்பக்கம் விரிந்திருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. என் அட்டையில் ஓட்டை இப்படி இருக்காது. குண்டில் இரண்டு விதம் இருக்கிறது சார், நீங்கள் தோப்புக்கு வாங்கியது எதுவோ தெரியாது. கிளப்பில் கொடுப்பது உருண்டை நுனி, உள்ளூர்ச் சரக்கு. நான் ஆரம்பத்திலிருந்தே தட்டை நுனி, வெளிநாட்டுச் சரக்கு. அந்த ஒரு விஷயத்தில் நான் சிக்கனம் பார்த்ததே கிடையாது.

ஆறில் இருந்த ஓட்டையைப் பார்த்தேன்.

நான் பேனாவை வைக்காததைப் பார்த்து, "என்னண்ணா, பேனா எழுதலியா?" என்றாள்.

ஒரு நிமிஷம் யோசித்தேன் சார். போட்டுக் கொடுத்திருக்கலாம். அவள் ஊருக்குப் போகிறாள், அப்பா பின்பலகையில் வரைந்தாயிற்று, யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆறு என்றால் என்ன அர்த்தம் என்று மனது தானாகக் கூட்டிவிட்டது. என் அட்டையிலேயே சுட்டிருந்தாலும் முன்னூற்று ஐம்பத்தொன்பது. பிளைண்டர் இல்லாவிட்டாலும், கால் நகராவிட்டாலும், அந்த வருஷம் பலகையில் என் பெயர் கிடையாது. ஒரு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வளர்த்த ஒன்று, இந்த ஒரு கையெழுத்தைப் போட்டால் பிழைத்துக்கொள்ளும்.

"ஜெசிந்தா, இது உன்னோட பத்து."

"சும்மா இருங்கண்ணா. ஊருக்குப் போறேன்னு சமாதானம் பண்ணாதீங்க."

"இல்லம்மா. ஆறுதான் என்னோடது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்போ ஒரு வருஷமா நான் வாங்கிக் குடுத்த டீ?"

சடையப்பன் சார் அந்தப் பக்கமாக வந்தார். அவரிடம் அட்டையைக் காட்டி, "சார், ஓசிப் பத்து யாருன்னு பாருங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "எனக்கு நிச்சயமாத் தெரியணும். சும்மா வாய்வார்த்தைக்கு வேண்டாம். சுட்டுப் பாப்போம்."

வீட்டுக்குப் போனதும் இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் உங்களிடம் சொல்லிப் பார்த்தேன். பின்பலகையில் நாலு வட்டம் தள்ளி ஓட்டையை மாற்றி வரைந்துவிடலாம், பெயிண்டர் நம்ம பையன்தான், அது பிரச்சினை இல்லை.

நிறுத்தம் வந்துவிட்டது போலிருக்கிறது, பையை மறந்துவிடாதீர்கள். எதையும் மாட்ட வேண்டாம் என்றுதான் என் அபிப்பிராயம். குண்டு மட்டும் தட்டை நுனியாக வாங்குங்கள் சார், காசுக்குத் தகுந்த சரக்கு. காலையில் மூன்று பேருமாக நின்று ஒரே புது அட்டையில் சோதித்துப் பார்த்தோம். அவள் கிளப் துப்பாக்கியில் உருண்டை நுனியைப் போட்டுச் சுட்டாள், அட்டை கிழிந்து பின்பக்கம் விரிந்தது. நான் என்னுடையதைப் போட்டுச் சுட்டேன். ஒரு பிசிறு இல்லை, காகிதம் துளைக்கிற மிஷினில் குத்தியது போல வட்டமாக வெட்டியிருந்தது. அவளுடைய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஆறில் இருந்த ஓட்டையும் அதே போல, ஒரு பிசிறு இல்லாமல், அவ்வளவு அழகான வட்டம்.